கே.பி.சுந்தராம்பாளின் முன்பாதி

கே.பி.சுந்தராம்பாளைப் பற்றி எழுதுறவங்க வழக்கமா ஒரே இடத்துல போய் நின்னுடுவாங்க. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். இவர் வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிக்க மாட்டேன் என்றார். பிறகு வந்த ஔவையார், காரைக்கால் அம்மையார் வேடங்கள் எல்லாம் அந்த விரதத்தோட பலன் மாதிரி பேசப்படும். கேட்க உருக்கமாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கதையில் ஒரு பக்தை கிடைக்கிறார், தொழில் தெரிஞ்ச நடிகை காணாமப் போயிடறார்.

அந்த நடிகை எங்கிருந்து வந்தார்? 1908-ல் கொடுமுடியில் பிறந்த ஏழை வீட்டுப் பெண். ரயிலில் பாடிக்கொண்டிருந்தவரை, ரயில்வே அதிகாரியும் நாடகக்காரருமான எப்.ஜி.நடேசய்யர் கண்டெடுத்தார் என்பது எல்லாரும் சொல்ற கதை. நாடகத்துல சின்ன வயசில் போட்ட வேடம், நல்லதங்காளோட மூத்த மகன். பசியைப் பத்திப் பாடணும். அதுக்கு அந்தப் பிள்ளைக்கு யாரும் நடிப்பு சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதில்லைன்னு நினைக்கிறேன்.

வளர்ந்த பிறகு ஸ்த்ரீபார்ட், ராஜபார்ட் ரெண்டும் செய்தார். ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கும்னு தெரிஞ்சாத்தான் இதோட கனம் புரியும். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்த்ரீபார்ட் வேறொரு ஊர். ஒத்திகை கிடையாது. கதை தெரியும், பாட்டு தெரியும், மீதியெல்லாம் மேடையில்தான். 'வள்ளி திருமணம்' என்றால் வேலனும் வள்ளியும் விடிய விடியத் தர்க்கம் பண்ணுவாங்க. எதிராளி எந்தப் பக்கம் திரும்புவார்னு தெரியாது. பதில் அந்த நொடியில் வரணும், அதுவும் மைக் இல்லாம கடைசி வரிசைக்குக் கேக்கணும். இந்தப் பள்ளிக்கூடத்துல தேறியவர்தான் சுந்தராம்பாள். இலங்கை மேடையில் செங்கோட்டை கிட்டப்பாவோடு சேர்ந்தார். 1927-ல் கல்யாணம். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். நடுவுல பிணக்கும் பிரிவும் வந்தது. கிட்டப்பா போனபோது அவருக்கு 28 வயசுகூட ஆகலை. இவருக்கு 25.

சினிமா இதுக்கப்புறம்தான் வருது. 1935-ல் 'நந்தனார்', ஆண் வேடம், ஒரு லட்ச ரூபாய் சம்பளம். அந்தக் காலத்து ஒரு லட்சம்! விதவைக் கோலத்துக்குப் போன ஒரு பெண்ணுக்கு அன்றைய சமூகம் என்ன இடம் வெச்சிருந்ததுன்னு நமக்குத் தெரியும். அந்த நிலையில் இருந்துகொண்டு பேரம் பேசி இவ்வளவு வாங்கியது துறவின் அடையாளமா? தன் விலை தெரிஞ்ச ஒரு கலைஞரின் கணக்குன்னுதான் நான் எடுத்துக்கறேன். அப்புறம் மணிமேகலை, 1953-ல் ஜெமினியின் 'ஔவையார்', 1964-ல் 'பூம்புகார்' படத்துக் கவுந்தியடிகள். எல்லாமே குடும்பத்துக்கு வெளியே நிக்கிற பெண்கள். ஜோடி இல்லாத ஒரு பெண் நடுநாயகமா நிற்கத் தமிழ் சினிமாவில் வேற வாசலே இல்லை. இருந்த ஒரே வாசலை அவர் தனக்கு ஏற்ப அகலப்படுத்திக்கிட்டார்.

இப்ப காரைக்காலுக்கு வரேன். 1973-ல் ஏ.பி.நாகராஜன் எடுத்த 'காரைக்கால் அம்மையார்' படத்துல அம்மையார் ரெண்டு பேர். மாங்கனி கேட்டு நிக்கிற கணவன் முத்துராமனுக்கு முன்னால புனிதவதியா இருப்பவர் லட்சுமி. உடம்பின் அழகை உதறி, பேயுரு கேட்டு வாங்கிய பிறகு சுந்தராம்பாள். திரைக்கதைக்கு இது சௌகரியமான ஏற்பாடுதான், 65 வயசுக்காரர் புதுமணப்பெண்ணா வர முடியாது. ஆனா இந்தப் பிரிவைப் பாக்கும்போது எனக்கு வேற ஒண்ணு தோணும்: சினிமா சுந்தராம்பாளுக்கு எப்பவுமே பின்பாதியைத்தான் கொடுத்தது.

காரைக்கால் ஊர் அப்படிச் செய்யலை. ஆனி மாச மாங்கனித் திருவிழா மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கும். புனிதவதிக்கும் பரமதத்தனுக்கும் ஊர் கூடிக் கல்யாணம் பண்ணி வைக்கும். பிட்சாடனர் உலா வரும்போது மாடியிலிருந்து மாம்பழம் பறக்கும். எல்லாம் முடிஞ்சுதான் அம்மையார் கயிலைக்குப் போவார். அவர் குடித்தனத்தை மறைச்சுட்டு ஊர் அவரைக் கும்பிடுறதில்லை.

படத்துல சிவகுமாரும் ஸ்ரீவித்யாவும் சிவன் பார்வதியா ஆட, சுந்தராம்பாள் பாடும் இடம் பிரமாதம், மறுக்கலை. அந்தக் குரலில் மைக் இல்லாத கொட்டகை இன்னும் இருக்கு. ஆனா அங்க அவருக்குப் பாடுறதைத் தவிர வேலை கம்மி. பதில் சொல்ல எதிராளி இல்லை. 'திருவிளையாடல்' ஔவை எனக்கு இதைவிட உயர்ந்தவர். (அங்கேயும் பிரச்சனை ஒரு பழம்தான்!) கோவிச்சுக்கிட்டு மலையேறின முருகனிடம் அந்தக் கிழவி கெஞ்சுறார், கண்டிக்கிறார், மடக்குறார். வேலனிடம் வாதாடிய பழைய வள்ளி அந்தப் பேச்சுல ஒரு கணம் எட்டிப் பாக்கறா.

அந்த வள்ளியை எந்தக் கேமராவும் பிடிக்கலை. மேடைப் பாட்டுகள் சில இசைத்தட்டில் இருக்கு, ஒரு பக்கம் மூணு நிமிஷம் சொச்சம். தர்க்கத்துக்கு அதுல இடமில்லை.