படம், போட்டோ, சாயை: பழம்படங்களுக்குப் பெயரிடும் முறை பற்றி

திருவனந்தபுரத்தில் கோட்டைக்குத் தெற்கே, ஸ்ரீவராகம் குளத்தைச் சூழ்ந்த தெருக்களில், பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களின் கூடத்துச் சுவர்களில் நான்கு வகைப் படங்களை அருகருகே காணலாம். கல்லச்சில் பல வண்ணங்களில் அச்சிட்ட இலக்குமி அல்லது சரசுவதி; நாற்காலியில் அமர்ந்த பாட்டனாரும் அருகில் நிற்கும் பாட்டியாரும்; நாள்காட்டியிலிருந்து வெட்டிச் சட்டமிட்ட முருகன்; திருவாங்கூர் அரசர் ஒருவரின் உருவம். வீட்டார் இவற்றையெல்லாம் ‘படம்’ என்கின்றனர். சில வேளைகளில் ‘போட்டோ’ என்கின்றனர். அச்சிட்ட இலக்குமியைப் ‘போட்டோ’ என்பதிலோ, கருவியில் எடுத்த பாட்டனாரைப் ‘படம்’ என்பதிலோ அவர்களுக்குத் தயக்கமில்லை. தயக்கம் ஏற்படுவது, இவற்றைப் பட்டியலிட வருவோருக்கும் அப்பட்டியலை மொழிபெயர்ப்போருக்குமே.

பழம்படங்களின் மீது அண்மைக்காலத்தில் எழுந்துள்ள ஆர்வம் வரவேற்கத்தக்கது. தொகுப்பு நூல்கள் வருகின்றன, கண்காட்சிகள் நடைபெறுகின்றன. ஆயினும் இவற்றின் விளக்கக் குறிப்புகள், குறிப்பாகத் தமிழில் எழுதப்படுபவை, ஆங்கில நூலகப் பகுப்புகளை அப்படியே ஏற்று, ஒவ்வொரு படமும் ஓவியமா, அச்சா, புகைப்படமா என்று முதலில் தீர்ப்புக் கூறிவிட்டே மேலே செல்கின்றன. இப்பகுப்பு, படங்களைச் செய்தோரிடமும் இல்லை. பயன்படுத்தியோரின் மொழியிலும் இல்லை. ‘படம்’ என்னும் பொதுச்சொல் அறியாமையால் விளைந்த தெளிவின்மை அன்று, அப்பொருள்களின் இயல்பை ஒட்டி அமைந்த பெயரே என்பது இக்கட்டுரையின் கருத்து.

சொல்லின் வரலாற்றை முதலில் நோக்கலாம். படம் என்பது துணியைக் குறிக்கும் சொல். பேகன் மயிலுக்கு ஈந்தது படாம் என்பதைப் புறநானூறு கூறும். மணிமேகலையில் சித்திர வேலைப்பாடு அமைந்த படாம் குறிக்கப்படுகிறது. துணியில் எழுதிய உருவம், துணியின் பெயரையே பெற்றது ஆகுபெயர். பின்னர்த் துணி மறைந்து உருவம் மட்டும் நின்றபோதும் பெயர் மாறவில்லை. தஞ்சாவூர்ப் பாணி ஓவியம் பலகைப்படம் ஆயிற்று. கண்ணாடியின் பின்புறம் தீட்டியது கண்ணாடிப்படம் ஆயிற்று. 20ஆம் நூற்றாண்டில் சலனப்படம், பேசும்படம், திரைப்படம் என்பன அதே வாய்பாட்டில் தோன்றின. இத்தொகைகளில் தலைச்சொல் மாறுவதில்லை. முன்னொட்டாக நிற்கும் அடைச்சொல்லே உருவம் தங்கும் இடத்தையோ, அது செய்யும் செயலையோ கூறுகிறது. கையால் செய்ததா கருவியால் செய்ததா என்பதை இவற்றுள் எதுவும் வினவவில்லை என்பது நோக்கத்தக்கது.

‘போட்டோ’ என்னும் கடன்சொல்லுக்கு நேர்ந்ததும் இதுவே. அது தமிழில் நுழைந்தவுடன், செய்முறையைக் குறிக்கும் ஆங்கிலப் பொருளை இழந்து, சட்டமிட்டு மாட்டத்தக்க உருவம் என்னும் பொருளைப் பெற்றது. ‘சாமி போட்டோ’ என்ற வழக்கும், சட்டமிடும் கடையைப் ‘போட்டோக் கடை’ என்பதும் இதனாலேயே. வடநாட்டிலும் இவ்வழக்கு உண்டு. கிறிஸ்டோபர் பின்னி 2004இல் வெளியிட்ட, அச்சுத் தெய்வப்படங்கள் பற்றிய நூலுக்குக் ‘கடவுளரின் போட்டோக்கள்’ எனப் பொருள்படும் தலைப்பை இட்டு, அதை மேற்கோள் குறிக்குள் அடைத்தார். ஆங்கில வாசகருக்கு அக்குறி தேவைப்படுகிறது. தமிழ் வாசகருக்கு அதில் வியப்பு ஏதும் இல்லை.

இனி, பொருள்களின் இயல்பைக் காண்போம். ரவிவர்மா (1848–1906) கிளிமானூரிலிருந்து சிறுவயதில் திருவனந்தபுரத்து அரசவைக்கு வந்து எண்ணெய் வண்ணம் கற்ற வரலாறு பலர் அறிந்ததே. அவ்வரலாற்றில் அரசவை ஓவியர் இராமசாமி நாயக்கரும், அவருடைய மாணவரும் ரவிவர்மாவுக்கு மறைவில் உதவியவருமான ஆறுமுகம் பிள்ளையும் இடம்பெறுகின்றனர் என்பதைத் தமிழில் எழுதுவோர் அதிகம் நினைவுகூர்வதில்லை. ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிட்டுப் பரப்பலாம் என்று ரவிவர்மாவுக்கு எழுதியவர், கும்பகோணத்தில் பிறந்து திருவாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த தி. மாதவராவ். ஐரோப்பாவுக்கு அனுப்புவது நடைபெறவில்லை. 1894இல் பம்பாயில் அச்சகமே நிறுவப்பட்டது. சில ஆண்டுகளில் அது லோனாவ்லாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு இடம்பெயர்ந்து, பின்னர் ஃபிரிட்ஸ் ஷ்லைகர் என்னும் ஜெர்மானியத் தொழில்நுட்பரின் உடைமையாயிற்று. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, இறுதியில் மெருகெண்ணெய் பூசி, துணியின் இழை தெரியுமாறு அழுத்தி எடுத்த அச்சுகளே ஓலியோகிராப் எனப்பட்டன. அதாவது, அச்சாகப் பிறந்து ஓவியம்போல் தோன்றுவதற்கென்றே செய்யப்பட்டவை அவை.

மறுபுறம், ரவிவர்மா உருவப்படங்கள் தீட்டும்போது கருவியில் எடுத்த படங்களைத் துணையாகக் கொண்டதுண்டு. அச்சான பின்னரும் படம் முற்றுப்பெறவில்லை. வீட்டுப் பெண்டிர் சரசுவதியின் புடவைக்குப் பட்டுத்துணி ஒட்டி, சரிகையும் சமிக்கியும் தைத்துக் கண்ணாடியிட்டனர். ஸ்ரீவராகத்துச் சுவர்களில் இன்றும் அத்தகையவற்றைக் காணலாம். கருவிப்படத்திலிருந்து ஓவியம், ஓவியத்திலிருந்து கல்லச்சு, கல்லச்சின்மேல் துணியும் தையலும் என்று செல்லும் இப்பொருளை எப்பகுப்பில் வைப்பது? துணியில் தொடங்கிய சொல், மீண்டும் துணியையே உடுத்திக்கொண்ட இவ்வுருவத்துக்குப் பொருந்துவதுபோல் வேறெதுவும் பொருந்தாது.

தெற்கே கோவில்பட்டியிலும் சிவகாசியிலும் நிகழ்ந்ததும் இதையொத்ததே. கொண்டையராஜு (1898–1976) சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, திருவண்ணாமலையில் இரமணர் ஆசிரமத்தில் தங்கி, பின்னர் நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதி, கோவில்பட்டியில் நிலைகொண்டவர். அவரும் மாணவர்களும் ஒளிப்படக் கூடத்தில் பின்திரை எழுதினர், எடுத்த படத்துக்கு வண்ணம் தீட்டினர், சிவகாசி அச்சகங்களின் நாள்காட்டிகளுக்குத் தெய்வ உருவங்கள் வரைந்தனர். அவரைப் பற்றி ஸ்டீபன் இங்கிலிஸ் 1995இல் எழுதிய கட்டுரையின் தலைப்பு, சட்டமிடுவதற்கு ஏற்றது என்னும் பொருளில் அமைந்தது. கலைஞரைப் பற்றிய கட்டுரைக்கு, படம் வாங்குவோரின் நோக்கிலிருந்து தலைப்பிட்டது நல்ல முடிவு. நாடகத்திரையின் மாளிகைத் தூண்கள், பாட்டனாரின் ஒளிப்படத்திலும் முருகன் நாள்காட்டியிலும் ஒன்றுபோலவே நிற்பதைக் கண்டு புதிராக எண்ணுவோர், இரண்டும் ஒரே கைப்பழக்கத்தில் பிறந்தவை என்பதை உணர்ந்தால் புதிர் அவிழும்.

மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்போர் இங்கு ஒரு பொறியில் சிக்குகின்றனர். மலையாளச் ‘சாயாசித்ரம்’ என்பதை ‘நிழற்படம்’ என்று ஆக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. சாயை என்றால் நிழல், சித்திரம் என்றால் படம் என்னும் எளிய கணக்கு இது. ஆனால் மலையாளத்தில் ‘சாயா’ என்பதற்கு முகஒப்பு என்னும் பொருள் வலுவானது. குழந்தைக்கு ‘அச்சன்றெ சாய’ என்றால் தந்தையின் நிழல் அன்று, தந்தையின் சாயல். எனவே சாயாசித்ரம் என்பது ஒருவரின் உருவப்படம். தூரிகையால் தீட்டியதாகவும் இருக்கலாம், கருவியால் எடுத்ததாகவும் இருக்கலாம். ரவிவர்மா அரசர் பலரின் ‘சாயாசித்ரங்கள்’ எழுதினார் என்ற தொடரை ‘நிழற்படங்கள் எடுத்தார்’ என்று பெயர்த்தால், உலகறிந்த ஓவியர் ஒளிப்படக்காரர் ஆகிவிடுவார். இதனோடு, வண்ணப்பூச்சைக் குறிக்கும் ‘சாயம்’, ‘எண்ணச்சாயம்’ ஆகிய சொற்களும் மலையாளத்தில் உண்டு. மூல எழுத்தில் இவை வேறு வேறு முதலெழுத்துப் பெறுபவை; தமிழ் எழுத்தில் யாவும் ஒரே சகரத்தில் வந்து கலந்துவிடுகின்றன. (தேநீர்க்கடையின் ‘சாய’வும் தமிழ் எழுத்தில் இக்கூட்டத்தில்தான் சேரும்.) ‘உருவப்படம்’ என்ற சொல் தமிழில் இருக்கவே, நிழலைத் தேடிப் போகவேண்டிய தேவை இல்லை.

தலைப்புகளின் மொழிபெயர்ப்பில் இதைவிட நுட்பமான சிக்கல் உண்டு. ரவிவர்மா 1893இல் தீட்டிய ஓர் ஓவியம், ‘அதோ அப்பா வருகிறார்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பால் அறியப்படுகிறது. இடுப்பில் குழந்தையுடன் ஒரு நாயர்ப் பெண் நிற்கிறாள், அருகில் நாய் இருக்கிறது. வரும் அப்பா படத்தில் இல்லை. மலையாளத்தில் ‘அச்சன் அதா வருன்னு’ என்பர். மலையாள வினைமுற்றில் திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி இல்லை. ஆங்கில வினையில் மரியாதை காட்டும் விகுதி இல்லை. தமிழுக்கு வரும்போது மட்டும் ‘வருகிறார்’ அல்லது ‘வருகிறான்’ என்று ஒன்றைத் தேர்ந்தாகவேண்டிய கட்டாயம் நேர்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் எவரும் ‘வருகிறான்’ என எழுதத் துணியமாட்டார். ‘வருகிறார்’ என எழுதிய கணத்தில், தந்தை தலைவராக அமைந்த ஒரு குடும்பம் படத்துக்குள் புகுந்துவிடுகிறது.

ஆனால் அப்பெண் நிற்பது மருமக்கள்தாய முறை வழங்கிய ஒரு தறவாட்டில். அங்கே குழந்தையின் தந்தை வீட்டுக்கு உரியவர் அல்லர், வந்து செல்பவர். அவர் வரவை அறிவிக்கும் தலைப்பு, அம்முறை கேள்விக்குள்ளாகிவந்த காலத்தில் இடப்பட்டது. மூன்றாண்டு கழித்து, 1896இல், மலபார் திருமணச் சட்டம் இயற்றப்பட்டது. இவ்வோவியத்தைத் தந்தைவழிக் குடும்பத்தின் வரவாகப் படிக்கும் ஆய்வாளர் உளர். அவ்வாசிப்பு ஏற்கத்தக்கதா என்பதைப் பார்வையாளரே முடிவு செய்யவேண்டும். வினைவிகுதி முடிவு செய்துவிடக் கூடாது. ஸ்ரீவராகத்துத் தமிழ் அந்தணர் வீட்டுப் பேச்சில் ‘அப்பா வரா’ என்னும்போதும் மரியாதை விகுதி இருக்கவே செய்கிறது. ஆகவே பேச்சுவழக்கை நாடியும் தப்ப இயலாது. இக்கட்டுரையாளர் கருத்தில் ‘அதோ, அப்பா!’ என வினையின்றி நிறுத்துவதே தக்கது. வருகையை அப்பெண்ணின் பார்வையே கூறிவிடுகிறது.

இறந்தோரின் படங்கள் தொடர்பான வழக்குகள் தனியே ஆராயத்தக்கவை. தமிழில் ‘படத்திறப்பு’ என்றால் மறைந்தவரின் உருவப்படத்தைத் திரை விலக்கி நினைவுகூரும் நிகழ்ச்சி. சுயமரியாதை மரபினர் கருமாதிச் சடங்குக்கு மாற்றாக இதனைப் போற்றினர். மலையாளியிடம் ‘படம்’ திறக்கப்படுகிறது என்றால் புதுத் திரைப்படம் ஏதோ வெளிவருகிறது என்று எண்ணக்கூடும். ஆனால் அதே மலையாளத்தின் கொச்சைவழக்கில் ‘அயாள் படமாயி’ என்றால் அவர் இறந்துவிட்டார் என்று பொருள். தமிழில் பெயராகி மரியாதை பெற்ற கருத்து, மலையாளத்தில் வினையாகிக் கேலியில் நிற்கிறது. இரண்டிலும் படம் என்பது சுவரில் மாலையுடன் தொங்கும் பொருள்தான்.

‘புகைப்படம்’ என்பதில் புகை எங்கிருந்து வந்தது என்பது மாணவர் அடிக்கடி எழுப்பும் வினா. பளிச்சிடுவதற்கு எரித்த மக்னீசியப் பொடியின் புகை என்பது வழக்கமான விடை. அப்பொடி 1887இல்தான் உருவாக்கப்பட்டது. பழைய கூடங்களில் படமெடுத்தது பெரும்பாலும் கண்ணாடிக் கூரைவழி வந்த பகலொளியில். ஆதலின் இவ்விடை முழு நிறைவளிப்பதாக இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தின் மங்கிய நிறத்தைப் புகையாகக் கண்டிருக்கலாம் என்பதே இக்கட்டுரையாளருக்கு ஏற்புடையது. ‘ஒளிப்படம்’ என்பதே சரியென வற்புறுத்துவோரிடம் வாதாட விருப்பமில்லை. எனினும் 1920களின் படமொன்றைப் பற்றிய பழைய குறிப்பில் ‘சாயாபடம்’ என்றிருந்தால், அதனை ஒளிப்படம் எனத் திருத்தி வெளியிடுவது பதிப்பு நெறி ஆகாது.

படத்தின் மீதும் பின்னும் எழுதியிருப்பவை, மேற்கூறிய யாவற்றினும் அதிகமாகப் புறக்கணிக்கப்படுகின்றன. திருவாங்கூர்ப் பகுதிப் படங்களின் பின்புறத்தில் ஆண்டு பெரும்பாலும் கொல்லம் ஆண்டாகவே இருக்கும். 1112 துலாம் 27 என்றால் 1936 நவம்பர் 12, அதாவது கோயில் நுழைவு அறிவிப்பு வெளியான நாள். சிங்கத்தில் தொடங்கும் இவ்வாண்டுக்குத் தனு நடுப்பகுதிவரை 824ஐயும், சனவரி பிறந்தபின் 825ஐயும் கூட்டவேண்டும். நாஞ்சில்நாட்டுத் தமிழரும் திருநெல்வேலிப் பகுதியினரும் இக்கணக்கைக் கையாண்டவர்களாதலின், தமிழில் எழுதிய குறிப்பென்பதால் வேறு ஆண்டுமுறை எனக் கொள்ளலாகாது. பெயருக்கு முன் வரும் ‘ம.ரா.ரா.ஸ்ரீ’ என்பது மகாராஜராஜஸ்ரீ என்னும் மரியாதை அடைமொழியின் சுருக்கம். அதனைப் பெயரின் தலைப்பெழுத்துகளாகக் கொண்டால் அவர் வேறொருவர் ஆகிவிடுவார்.

சுவரொட்டிகளில் எழுத்து வடிவமே சான்று. துதிக்கை வளைந்த பழைய ணை, லை, னை வடிவங்களைக் கொண்டு, தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற 1978க்கு முற்பட்டது என்று காலங்கணிப்பர். இவ்வளவுகோல் இருபுறமும் வழுக்கக்கூடியது. கையெழுத்தோவியர் பலர் 1978க்குப் பின்னும் பழைய வடிவங்களைக் கைவிடவில்லை. பெரியாரோ 1935இலேயே குடிஅரசில் புதிய வடிவங்களைக் கையாளத் தொடங்கிவிட்டார். ஆகவே 1950களின் சுவரொட்டி ஒன்றில் புதிய லை காணப்பட்டால், அது காலத்தைக் காட்டுவதைவிடச் சார்பையே காட்டுகிறது. அதனைத் தட்டச்சில் பெயர்த்து எழுதும் இன்றைய பதிப்பில் இரு லைகளும் ஒன்றாகிவிட, அச்சான்று அழிந்துவிடுகிறது. வடிவத்தை ஓர் அடைப்புக்குறிக் குறிப்பிலேனும் பதிவு செய்தல் வேண்டும்.

அலங்காரத்துக்கென மறுபதிப்புச் செய்வோர், படத்தின் ஓரத்தை வெட்டிவிடுகின்றனர். ரவிவர்மா அச்சகத்தின் பெயரும் ‘கார்லா லோனாவ்லா’ என்னும் இடக்குறிப்பும் அச்சிடப்பட்டிருந்தது அவ்வோரத்தில்தான். நாள்காட்டியில் முருகனின் காலடியில் மளிகைக்கடைப் பெயரும் தெருப்பெயரும் இருந்ததும் அங்கேதான். ஸ்ரீவராகத்து வீடுகளில் சட்டமிட்ட நாள்காட்டிப் படங்கள் சிலவற்றில், தேதித்தாளைக் கிழித்தெடுத்தவர்கள் கடைப்பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கின்றனர். அக்கடையில் வீட்டுக்குக் கணக்கு இருந்ததாம்.