கரண்டி, குடை, லாரி

சிறை அறையின் தரைப்பலகையைப் பெயர்த்தாயிற்று. அடியில் கான்கிரீட். கட்டிலிலிருந்து கழற்றிய இரும்புத் துண்டால் ஒருவன் அதை ஓங்கி அடிக்கத் தொடங்குகிறான். கை ஓய்ந்ததும் அடுத்தவன் வாங்கிக்கொள்கிறான். முதலில் வெறும் கீறல், பிறகு பொடி, பிறகு சில்லு, கடைசியில் ஒரு குழி. ஏறத்தாழ நான்கு நிமிடம் காட்சி வெட்டப்படுவதே இல்லை. பின்னணி இசையும் இல்லை. சிறை முழுக்கக் கேட்கக்கூடிய அந்தச் சத்தம்தான் இசை. ஒவ்வொரு அடிக்கும் பார்வையாளர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்.

இந்தக் காட்சி வரும் ழாக் பெக்கரின் 'லெ த்ரூ' (துளை) படம் 1960இல் வெளிவந்தது. 1947இல் பாரீஸின் சாந்தே சிறையில் உண்மையிலேயே நடந்த தப்பித்தல் முயற்சிதான் கதை. அதில் பங்கெடுத்த ஹோசே ஜியோவானி பின்னாளில் அதை நாவலாக்கினார். பங்கெடுத்த இன்னொருவர் ழான் கெரோடி என்ற பெயரில் படத்திலேயே நடித்தார். படம் தொடங்கும்போது கேமராவைப் பார்த்து, இது என் சொந்தக் கதை என்று சொல்பவர் அவர்தான். ஆகவே பல் துலக்கும் பிரஷ்ஷில் கண்ணாடிச் சில்லைக் கட்டிக் கதவுத் துளை வழியே காவலரை வேவு பார்ப்பதும், மருந்துக் குப்பிகளைக் கொண்டு மணற்கடிகாரம் செய்வதும் எழுத்தாளர் மேசையில் பிறந்த தந்திரங்களாகத் தெரிவதில்லை. நான்கு பேர் ஒருவரையொருவர் நம்பி வாழும் அறைக்குள் ஐந்தாவதாக ஒருவன் வந்து சேர்கிறான். தரையைத் துளைப்பதைவிட அவனை நம்புவது கடினம். பெக்கர் இந்தப் படம் திரைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பே காலமாகிவிட்டார்.

துப்பாக்கியும் துரத்தலும் இல்லாமல் நெஞ்சைப் பிடித்து உலுக்கும் இந்த வித்தை பெக்கருக்கு மட்டும் உரியதன்று. 1950களின் பிரெஞ்சு சினிமா இதில் தேர்ந்திருந்தது. ஒரு வேலையை எடுத்துக்கொள்வது, அதன் ஒவ்வொரு படியையும் முழுதாகக் காட்டுவது, கை தவறினால் உயிர் போகும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பது. அவ்வளவுதான் அதன் இலக்கணம்.

அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் என்று கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு வேலையிழந்த ஜூல்ஸ் டாசின், பாரீஸுக்கு வந்து எடுத்த 'ரிஃபிஃபி' (1955) இதற்குப் புகழ்பெற்ற சான்று. நகைக்கடைக்கு மேல்மாடித் தரையில் துளையிடுகிறார்கள் திருடர்கள். துளை வழியே மடக்கிய குடையை இறக்கி, கீழே விரித்து, உதிரும் காரையை அதில் ஏந்திக்கொள்கிறார்கள். அலாரத்தின் வாயைத் தீயணைப்பு நுரையால் அடைக்கிறார்கள். சுமார் அரை மணி நேரம் வசனமும் இல்லை, இசையும் இல்லை. இசையமைப்பாளர் ஜார்ஜ் ஒரிக் அந்தக் காட்சிக்கு இசை எழுதிக்கொண்டுதான் வந்தார். இசையோடும் இல்லாமலும் போட்டுக் காட்டியதும், இசை வேண்டாம் என்று அவரே ஒப்புக்கொண்டார். கொள்ளைக்குப் பிந்தைய பகுதி வழக்கமான தாதாக் கதைதான். அந்த அரை மணி நேரத்துக்காகவே படம் நிலைத்திருக்கிறது.

ராபர்ட் பிரெஸ்ஸோன் இன்னும் ஒரு படி மேலே போனார். 1956இல் வந்த அவரது படத்தின் பெயரே முடிவைச் சொல்லிவிடுகிறது: 'மரண தண்டனைக் கைதி தப்பிவிட்டான்'. 1943இல் லியோன் நகரின் மோன்லுக் சிறையிலிருந்து ஜெர்மானியரிடம் தப்பிய ஆந்த்ரே தெவின்யியின் அனுபவம் அது. முடிவு தெரிந்தபின் பதற்றம் எதற்கு? சாப்பாட்டுக் கரண்டியைத் தரையில் தேய்த்து உளியாக்கி, கதவுப் பலகைகளின் இணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறான் படத்தின் நாயகன் ஃபொன்தேன். விழுந்த சிராய்களைப் பொறுக்கி மறைக்கிறான். கேமரா அவன் முகத்தையும் கைகளையும் விட்டு நகர்வதில்லை. சிறையின் மீதி முழுவதும் காதால்தான் வருகிறது: சாவிக்கொத்து, காலடி, தூரத்து ரயில், காவலனின் சைக்கிள் கிறீச்சிடும் ஒலி. தப்புகிற இரவில் ரயில் கடந்து போகும் இரைச்சலில்தான் அவன் சரளைக்கல்லில் அடி எடுத்து வைக்கிறான். கடைசி நேரத்தில் அவன் அறையில் தள்ளப்படும் சிறுவனைக் கொல்வதா, கூட அழைத்துப் போவதா என்ற கேள்வி, அந்தச் சுவரை ஒருவனால் தனியாக ஏறிக் கடக்கவே முடியாது என்று தெரியும்போது வேறொரு கனம் பெறுகிறது.

இவற்றுக்கெல்லாம் முன்னே நிற்பது ஆன்றி-ஜார்ஜ் க்ளூஸோவின் 'பயத்தின் கூலி' (1953). தென் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் ஊர் திரும்பக் காசில்லாமல் சிக்கிக்கிடக்கும் வெளிநாட்டவர்கள். எண்ணெய்க் கிணறு தீப்பற்றுகிறது; அணைக்க நைட்ரோகிளிசரின் வேண்டும். இரண்டு லாரி, நான்கு பேர், ஆளுக்கு 2000 டாலர். லாரி குலுங்கினால் வெடிக்கும். தகரக்கூரை போல அலையலையாகக் கிடக்கும் சாலையில் ஊர்ந்து போகலாம், அல்லது சக்கரம் பள்ளத்தைத் தொடாத வேகத்தில் பறக்கலாம். இடைப்பட்ட வேகத்தில் சாவு. மலை வளைவில் திரும்ப இடமில்லாமல், பாதாளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் உளுத்த மரமேடைமீது லாரியைப் பின்னால் எடுக்க வேண்டும். இவை எதையும் க்ளூஸோ ஓடிக் கடப்பதில்லை. ஊரில் வீரனாக உலவிய ஜோ, வழியில் நடுங்கிச் சுருங்கிப்போவதை ஷார்ல் வனேல் நடித்த விதத்துக்கு கான் விழாவில் தனிப் பாராட்டு கிடைத்தது. இந்தப் படங்களில் வரும் நடிப்பில் அதுவே உச்சம்.

லாரி கிளம்புவதற்கு முன் ஊரிலேயே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறதே என்று குறைப்படுபவர்கள் உண்டு. அமெரிக்க வெளியீட்டில், எண்ணெய்க் கம்பெனியைச் சாடும் பகுதிகள் உட்படப் பலவற்றை வெட்டியும்விட்டார்கள். அது பெரும் பிழை. வெயிலும் வேலையின்மையும் மனிதர்களை எப்படி அரித்திருக்கின்றன என்று பார்த்தால்தான், 2000 டாலருக்காக அவர்கள் அந்த லாரியில் ஏறுவது நம்பும்படி இருக்கிறது. கான், பெர்லின் இரண்டிலும் ஒரே ஆண்டில் முதற்பரிசு வென்ற படம் இது. வெட்டுப்பட்ட பிரதி கையில் கிடைத்தால் ஒதுக்கிவிட்டு, இரண்டரை மணி நேர முழுப் பிரதியையே தேடிப் பாருங்கள்.