பூட்டிய கை, காட்டிய கை

எங்கள் தோட்டம் ரந்தாவுக்குப் பக்கம். திருவிழா என்றால் மைக் செட் முழுக்க ஒரு பெரியவர் பொறுப்பு. சாமி ஊர்வலம் முடியும்வரை கோயிலுக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபையர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். தோட்டத்தை வித்து, ஆளுங்க சிரம்பானுக்கும் நீலாய்க்கும் பிரிஞ்சு போனப்ப ஒரு நினைவு மலர் போட்டாங்க. பாடியவர், பேசியவர், தலைவர் எல்லார் பெயரும் இருக்கு. அவர் பெயர் இல்லை. கேட்டேன். "அவரு மேனேஜர்கிட்ட ஆளுங்களப் போட்டுக் குடுத்தவரு, தம்பி" என்றார்கள்.

உஷா தக்கர் ஆங்கிலத்தில் எழுதிய 'காங்கிரஸ் ரேடியோ' (2021) நூலைப் படிக்கும்போது அவர்தான் நினைவில் வந்து நின்றார்.

1942 ஆகஸ்டில் காந்தியும் மற்ற தலைவர்களும் கைதானதும், பம்பாயில் சில இளைஞர்கள் ரகசிய வானொலி நடத்தினார்கள். குரல்களில் ஒன்று 22 வயது உஷா மேத்தாவுடையது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தபோது சிமூர், ஆஷ்டி ஊர்களில் நடந்த கொடுமைகளை அந்த வானொலி சொன்னது. ஒலிபரப்பான உரைகளை நூல் அப்படியே தருகிறது. அதுதான் இதன் பெரிய பலம்.

ஆனால் நான் தேடியது நரிமன் பிரிண்டரை. ஒலிபரப்புக் கருவியைப் பூட்டிக் கொடுத்த தொழில்நுட்பக்காரர். அமெச்சூர் வானொலிக்காரர். போர் தொடங்கியதும் அரசு அந்த உரிமங்களை ரத்து செய்துவிட்டது. அறிவிப்பில் வரும் அலைநீளம் 42.34 மீட்டர். கணக்குப் போட்டால் சுமார் 7.08 மெகாஹெர்ட்ஸ். இன்றைக்கும் அமெச்சூர்காரர்கள் பேசிக்கொள்ளும் அலைவரிசைப் பகுதி. பழகிய கை பழகிய இடத்தில் நிலையத்தை வைத்திருக்கிறது என்பது என் ஊகம். உரைகளில் தெரியாத ஒரு மனிதர் இந்த எண்ணில் எனக்குத் தெரிந்தார்.

அதே கைதான் காட்டியும் கொடுத்தது. பிடிபட்ட பிரிண்டர் நவம்பர் 12 அன்று போலீஸுக்கு இடத்தைக் காட்டினார். உஷா மேத்தாவுக்கு 4 ஆண்டு சிறை. அதோடு பிரிண்டர் கதை 'துரோகி' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

துரோகத்தை நான் கழுவ வரவில்லை. ஆனால் அந்தச் சொல் எதை மறைக்கிறது என்று பார்க்க வேண்டும். 1964இல் ரேடியோ கரோலைன் பிரிட்டனுக்கு வெளியே கடலில், கப்பலில் நின்று பாட்டு போட்டது. அன்றைய சட்டம் அதன் என்ஜினியரைத் தொட முடியவில்லை. பம்பாயில் அப்படியொரு கடல் இல்லை. வீடு மாற்றி வீடு மாற்றித்தான் பேசினார்கள். கருவி இயங்கும் ஒவ்வொரு நிமிடமும் தான் இருக்கும் திசையைத் தானே சொல்லிக்கொண்டிருக்கும். திசை தேடும் கருவியோடு போலீஸ் சுற்றுகிறது. இந்த ஆபத்தைக் கணக்காகவே அறிந்தவர் பிரிண்டர். அறிந்தும் பூட்டினார். பிறகு பயந்தார், அல்லது விலைபோனார். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதன் எப்படி மாறினான் என்பது எனக்கு வேண்டும். உஷாவின் தைரியத்தின் அளவும் அப்போதுதான் புரியும்: அதே பயம் அவர் முன்னாலும் இருந்தது, அவர் காட்டிக் கொடுக்கவில்லை.

நம் தோட்டக் கதைகளுக்கும் இந்தக் குறை உண்டு. காட்டிக் கொடுப்பவன் பல கதைகளில் முதல் பக்கத்திலேயே கெட்டவனாக வருகிறான். அவன் முந்தாநாள் வரை யாருக்கு எதைச் செய்து கொடுத்தான், எந்த இடத்தில் உடைந்தான் என்று நாம் எழுதுவதில்லை. அதனால் நம் கதைகளில் துரோகம் வலிப்பதில்லை. எதிரி செய்வது வெறும் தீமை. கூட இருந்தவன் செய்தால்தான் அது துரோகம்.

மலரைத் திரும்பப் போடலாமென்று பேச்சு இருக்கிறது. பெரியவரைப் பற்றி இரண்டு வரி எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முதல் வரி, அவர் இழுத்த ஒயர். இரண்டாவது, ஆளுங்க சொன்னது. எதையும் வெட்டக் கூடாது என்பதுதான் நான் வைத்த ஒரே நிபந்தனை. இன்னும் யாரும் சரி என்று சொல்லவில்லை.