ஜௌஸ்ட்: தட்டினால்தான் பறக்கும்

ஈட்டி ஏந்திய வீரன் ஏறி வருவது நெருப்புக்கோழி. அதுவும் பறக்கிற நெருப்புக்கோழி! இரண்டாவது ஆள் சேர்ந்தால் அவருக்கு நாரை; எதிரிகளுக்குக் கழுகு. சிகாகோவின் வில்லியம்ஸ் நிறுவனத்துக்காக ஜான் நியூகமர் வடிவமைத்து 1982-இல் வந்த ‘ஜௌஸ்ட்’ ஆர்கேட் கேமுக்கு இதற்கு மேல் கதை கிடையாது. எக்ஸ்பாக்ஸ் 360-க்கு 2012-இல் வெளியான ‘மிட்வே ஆர்கேட் ஆரிஜின்ஸ்’ தொகுப்பில் அதை ஆடிப் பார்த்தேன்.

ஆடுகளம் முழுவதும் ஒரே திரைக்குள் அடக்கம். கறுப்புப் பின்னணியில் மிதக்கும் சில பாறைத் திட்டுகள், அடியில் எரிமலைக் குழம்பு. வலது ஓரத்தில் வெளியேறினால் இடது ஓரத்தில் முளைப்பீர்கள். அசல் இயந்திரத்தில் இருந்தது இடம், வலம் மட்டும் திரும்பும் ஒரு ஜாய்ஸ்டிக்கும் சிறகடிக்க ஒரு பட்டனும்தான்.

அந்த ஒரு பட்டனில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருமுறை தட்டினால் ஒரு சிறகடிப்பு. அழுத்திப் பிடித்தால் பறவை ஏறும் என்று நினைத்தால் நடக்காது, இறங்கிவிடும். படபடவென்று தட்டினால் சர்ரென மேலே போகும். நிதானமாகத் தட்டினால் ஏறக்குறைய அதே உயரத்தில் நிற்கும். காற்றில் திசை மாற்ற ஜாய்ஸ்டிக்கைத் திருப்பினால் மட்டும் போதாது, கூடவே சிறகும் அடிக்க வேண்டும். அப்போதும் பழைய வேகம் உடனே விட்டுவிடாது. தரையில் ஓடும்போது சட்டென்று திரும்பினால், ஈரத் தரையில் பிரேக் போட்ட சைக்கிள் மாதிரி பறவை கால்களை ஊன்றிச் சறுக்கும். பாறையின் அடிப்பக்கம் தலை இடித்தால் கீழே எகிறும். ஆரம்பத்தில் இதெல்லாம் எரிச்சல். பழகிய பிறகு, எவ்வளவு தட்டுவது என்பதைவிட எப்போது தட்டாமல் இருப்பது என்பதுதான் கைக்குப் பிடிபடுகிறது.

சண்டைக்கு ஒரே விதி: மோதும்போது யாருடைய ஈட்டி மேலே இருக்கிறதோ அவர் ஜெயித்தார். சமமாக இருந்தால் இருவரும் பின்னுக்கு எகிறுவார்கள். சுடுவது, வெட்டுவது எதுவும் இல்லை. அதனால் திரையில் இருக்கும் எல்லாரும் ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் ஏறப் பார்க்கிறார்கள். மேலே போனால் பாதுகாப்பு என்று உச்சியிலேயே சுற்றலாமா? ஓரளவுக்குத்தான். விழுந்த எதிரி முட்டையாகிக் கீழே உருளுகிறான். அதைப் பொறுக்கினால் 250 பாயின்ட். அடுத்தடுத்த முட்டைகளுக்கு 500, 750, 1000. விட்டுவைத்தால் பொரிந்து, முன்பைவிடக் கடுமையான வீரனாக எழுந்து நிற்பான். அவனை ஏற்றிக்கொள்ள ஆளில்லாத கழுகு ஒன்று பறந்து வரும். அது வந்து சேர்வதற்குள் போய்த் தொட்டால் பிழைத்தீர்கள். ஒருவனை வீழ்த்திய கையோடு கீழே இறங்கியாக வேண்டும். இறங்கினால் இன்னொருவன் தலைக்கு மேல் இருப்பான். இந்த முடிச்சைப் போட்டதற்காகவே நியூகமருக்குச் சபாஷ் சொல்லலாம்.

எதிரிகளில் மூன்று ரகம். சிவப்பு பவுண்டர் தடுமாறித் திரிகிறவன். சாம்பல் நிற ஹன்டர் தேடி வருகிறவன். நீல நிற ஷேடோ லார்ட்தான் ஆபத்து. கிட்டே நெருங்கியதும் சட்டென்று உயரம் கூட்டிவிடுவான். முதல் சில சுற்றுகள் போனதும் கீழே இருக்கும் பாலங்கள் எரிந்து விழும். பிறகு குழம்பை ஒட்டித் தாழப் பறந்தால் ஒரு பூதத்தின் கை நீண்டு பறவையின் காலைப் பிடிக்கும். வெறித்தனமாகப் பட்டனைத் தட்டினால் தப்பலாம். ஒரு சுற்றை இழுத்தடித்தால் டெரோடாக்டைல் ஒன்று அலறிக்கொண்டு நுழையும். அதைக் கொல்ல ஒரே வழி, எதிரே நின்று திறந்த வாய்க்குள் ஈட்டியைச் செருகுவது. நூலிழை ஏறினாலும் தாழ்ந்தாலும் ஒரு லைஃப் போச்சு.

குறை என்றால், தனியாக ஆடும்போது பத்துப் பன்னிரண்டு சுற்றுகளுக்குப் பிறகு அலுப்புத் தட்டுகிறது. அதே திரை, திட்டுகள் சில மறைவதும் எதிரிகள் கூடுவதும்தான் மாற்றம். ஐந்து சுற்றுக்கு ஒருமுறை வரும் முட்டைச் சுற்று கொஞ்சம் மூச்சுவிட இடம் தருகிறது.

இருவராக ஆடினால் கதையே வேறு. சில சுற்றுகளில், ஒருவரையொருவர் வீழ்த்தாமல் இருந்தால் இருவருக்கும் 3000 பாயின்ட். வேறு சில சுற்றுகளில் கூட்டாளியை முதலில் தள்ளிவிடுபவருக்கு அதே 3000. எந்தச் சுற்றாக இருந்தாலும் தெரியாமல் இடித்தால்கூட மேலே இருப்பவர் மற்றவரைக் கொன்றுவிடுவார். “வேணும்னே இடிச்சே!” என்ற சண்டை வராமல் ஒரு ஆட்டம் முடிந்தால் ஆச்சரியம்தான். பக்கத்தில் உட்கார ஆள் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். தனியாள் என்றால் விலை குறையும்போது பார்த்துக்கொள்ளலாம். பட்டன் உள்ள கன்ட்ரோலர் அவசியம், இந்தத் தட்டலுக்குத் தொடுதிரை சரிப்படாது.

1986-இல் வந்த இரண்டாம் பாகமும் இதே தொகுப்பில் உண்டு. பறவையைச் சிறகு முளைத்த குதிரையாக மாற்ற அதில் இன்னொரு பட்டன் சேர்த்திருக்கிறார்கள். படங்களும் பகட்டாக இருக்கின்றன. சில சுற்றுகள் ஆடிவிட்டு முதல் பாகத்துக்கே திரும்பிவிட்டேன்.