கடல் புறாவும் கரிப்புகையும்

சாண்டில்யனின் ‘கடல் புறா’ படித்தவர்களுக்குப் பாய் விரிப்பதும் காற்று திசை மாறுவதும் அத்துப்படி. (திண்டிவனம் பக்கம் பழைய வீட்டுப் பரண்களில் தேடினால், குமுதத்திலிருந்து கிழித்து பைண்டு செய்த வால்யூம் இன்றும் அகப்படும்.) மனுஷர் பிறந்தது பக்கத்துத் திருக்கோவிலூரில். கடல் சண்டையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வர்ணனைதான் கொஞ்சம் நீளம், குறிப்பாகக் கதாநாயகி வரும்போது. போகட்டும்.

என் புகார் வேறு. ‘கடல் புறா’ பதினோராம் நூற்றாண்டு. ‘ஜல தீபம்’ கனோஜி ஆங்கரே காலம். அவர் இறந்தது 1729-ல். அத்தோடு நம் சரித்திரக் கதைகள் நங்கூரம் போட்டுவிடுகின்றன. அடுத்த நூற்றாண்டில்தான் பாய்மரங்களுக்கு நடுவே புகைபோக்கி முளைத்தது.

ஏன் இரண்டும் என்று கேட்பீர்கள். சமுத்திரம் தாண்டுமளவுக்குக் கரி ஏற்றினால் வேறெதற்கும் இடமிருக்காது. எனவே பயணத்துக்குக் காற்று, சண்டைக்கு நீராவி. 1860-ல் பிரிட்டன் மிதக்கவிட்ட ‘வாரியர்’ கப்பலில், பாய் விரிக்கும்போது புகைபோக்கியை உள்ளே இறக்கிவிட்டு, நூற்றுக்கணக்கான பேர் கயிறு பிடித்து ப்ரொபெல்லரைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்குவார்கள். சாண்டில்யன் கையில் கிடைத்திருந்தால் இரண்டு அத்தியாயம் நிச்சயம்.

சரி, இதில் நமக்கென்ன? இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1839-ல் கட்டிய ‘நெமிசிஸ்’ இரும்புக் கப்பல். பாயும் உண்டு, நீராவிச் சக்கரமும் உண்டு. அடி தட்டை என்பதால் ஆழமில்லாத ஆற்றிலும் புகுந்துவிடும். 1841 ஜனவரி 7, சீனாவின் முத்து ஆற்று முகத்தில் அது விட்ட ராக்கெட்டில் ஒரு சீனப் போர்க்கப்பல் வெடித்துச் சிதறியது. எல்லாம் அபினி வியாபாரத்துக்காக. அன்று கரையிறங்கிய படையில் 37-வது மதராஸ் காலாட்படைச் சிப்பாய்களும் இருந்தார்கள்.

மே 30. கான்டன் பக்கத்தில் சான்யுவான்லி. கொட்டுகிற மழையில் அந்தப் படையின் ஒரு கம்பெனி வழி தவறுகிறது. மருந்து நனைந்து துப்பாக்கி வெடிக்கவில்லை. சுற்றிலும் ஈட்டியோடு கிராமத்து ஜனம். சதுரமாக அணிவகுத்து நிற்கிறார்கள். மழையிலும் சுடுகிற புது ரகத் துப்பாக்கியோடு மரைன்கள் தேடி வந்து மீட்கிறார்கள்.

இதைவிட என்ன கதை வேண்டும்? அமிதவ் கோஷ் 2015-ல் ‘ஃப்ளட் ஆஃப் ஃபயர்’ என்று இந்தப் போரை எழுதிவிட்டார். நெமிசிஸும் வருகிறது. ஆனால் அவருடைய ஹவில்தார் கேசரி சிங் வங்காளப் படைக்காரர். தமிழில் யாரும் எழுதியதாக என் கண்ணில் படவில்லை. காரணத்தை ஊகிக்கலாம். கடாரம் போனால் நாம் வெற்றி வீரர்கள். கான்டன் போனால் மாசச் சம்பளக்காரர்கள், அதுவும் அபினிக்காக! கருணாகர பல்லவனை அந்தப் புகைபோக்கிக்குக் கீழே நிறுத்த முடியாது. ஈரத் துப்பாக்கியோடு நடுங்குகிற ஒருத்தனைத்தான் நிறுத்த முடியும். நம் தொடர்கதைகளுக்கு அவனோடு பழக்கமில்லை.

யாராவது எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு யோசனை: மழையிலிருந்து ஆரம்பியுங்கள்.