மேடைத் தமிழும் ‘துரோகி’ என்னுஞ் சொல்லும்

திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓரதிகாரம் வகுத்ததோடமையாது, அவையறிதல், அவையஞ்சாமை என மேலும் இரண்டனை வகுத்தார். அவையை அறிக என்றாரன்றி மயக்குக என்றாரல்லர். இவ்வேறுபாட்டினை ஆராய்தற்கு 1977ஆம் ஆண்டுத் தேர்தலை ஒட்டிய நம் மேடைகள் தக்க களமாகும்.

அத்தேர்தலிலே தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுக்கு மக்களாணை வேண்டி 18 தொகுதிகளில் வென்றது. வன்னியின் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கும். மேடையிற் கூறப்பட்ட குறைகள் பொய்யல்ல. 1956இன் தனிச் சிங்களச் சட்டமும், 1972இன் அரசியல் யாப்பும், பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலும் எவரும் கட்டிய கதைகளல்ல. பொய் சொல்வோனை மறுத்தல் எளிது. மெய்யான துயரைக் கொண்டே கேட்போர் சிந்தையைப் பூட்டுவோனை மறுத்தல் அரிது.

பண்டார வன்னியனை எடுத்துக்கொள்வோம். ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய கல், 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் அவனை அவ்விடத்தே தோற்கடித்தான் என்று மட்டும் கூறிற்று. மேடையோ வீரத்தை எடுத்துத் தோல்வியை விடுத்தது. அவன் ஏன் தோற்றான், துணை நின்றார் யார், நில்லாதார் யார் என்னும் வினாக்கள் கைதட்டலைப் பெறா. (இரணைமடு வாய்க்காலைப் பற்றிப் பேசினுங் கைதட்டல் கிடையாது என்பது வேறு.)

மோனையும் எதுகையும் அடுக்குத் தொடரும் நிறைந்த நடை தமிழகத்து மேடைகளிலிருந்து நமக்கு வந்தது. அதனை ஈண்டு விரித்தல் வேண்டா. அதனினுங் கொடியது ஒரு தனிச்சொல். ‘நீ கூறுவது பிழை’ என்பார்க்கு விடையளிக்கலாம். ‘நீ துரோகி’ என்பார்க்கு விடை யாது? விடை கூறுதலே துரோகத்துக்குச் சான்றாகிவிடும். அச்சொல் கேட்போனுக்கும் ஒரு கட்டளையை மறைத்துத் தருகின்றது: துரோகிக்குத் தண்டனை உண்டன்றோ? தண்டிப்பவர் யாரென மேடை சொல்வதில்லை. அச்சொல்லாமையே அதன் தந்திரம். யாழ்ப்பாண மேயராயிருந்த அல்பிரட் துரையப்பா அப்பெயராற் சுட்டப்பட்டார். 1975 யூலை 27இல் பொன்னாலைக் கோயிலடியிற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கி.மு. 427இல் கிளியோன் என்பான் சொற்கேட்டு, மித்திலீன் நகரத்து ஆடவர் அனைவரையுங் கொல்லுமாறு ஏதென்சு மக்கள் தீர்மானித்தனர். மறுநாளே மீண்டுங் கூடி வாதித்து மனம் மாறினர். அவர்கள் விடுத்த இரண்டாங் கப்பல் உரிய வேளையிற் சென்று சேர்ந்தது. நமக்கு அந்த மறுநாட் கூட்டம் வாய்க்கவில்லை.

இது தமிழர்க்கே உரிய நோயுமன்று. 24 மணி நேரத்திற் சிங்களம் என்று முழங்கி 1956இல் ஆட்சியேறிய பண்டாரநாயக்கா, தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு 1957இற் செய்த ஒப்பந்தத்தை மறு ஆண்டே தாமே கைவிட நேர்ந்தது. கூட்டத்துக்குக் கற்பித்த பாடத்தை அவர் மாற்றிக் கற்பிக்க இயலவில்லை. 1959 செப்டெம்பரில் ஒரு பிக்கு அவரைச் சுட்டார்.

எழுபதுகளின் கூட்டங்களில் இளைஞர் தம் விரலைக் கீறித் தலைவர் நெற்றியில் இரத்தத் திலகமிட்டனர். அ. அமிர்தலிங்கமும் அத்திலகத்தை ஏற்றவர். பின்னர் அவரையும் அதே இளைஞர் தலைமுறை அதே சொல்லால் அழைத்தது. 1989 யூலை 13இல் கொழும்பில், அவரைக் காண வந்த விடுதலைப் புலிகள் அவரைச் சுட்டுக் கொன்றனர்.