குறிப்பும் பணமும்

லோரி மூரின் கதை ஒன்றைப் பற்றி எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் விவாதம் வந்தது. கடைசி வரியில் கதை சந்தைக்கு வந்துவிட்டது என்றார் ஒரு நண்பர். குழந்தையின் புற்றுநோயை எழுதியவள் எழுதி முடித்த கையோடு கூலி கேட்கிறாள். இது கொச்சை என்பது அவர் தீர்ப்பு. அன்று நான் பதில் சொல்லவில்லை.

கதை 1997-ல் நியூ யார்க்கரில் வெளிவந்தது. குழந்தையின் அணையாடையில் ரத்தக்கட்டியைப் பார்க்கிறாள் தாய். சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் பெயர் இல்லை: தாய், கணவன், குழந்தை. அறுவை மருத்துவருக்கும் பெயர் இல்லை. நோய்க்கு மட்டும்தான் பெயர். அதைக் கேட்டதும் தாய், ஆங்கிலத்தில் அந்தப் பெயரை எழுதும்போது உடைமைக்குறி 'எஸ்'ஸுக்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்று விசாரிக்கிறாள். ஆங்கில இலக்கியம் படித்த எனக்கு இந்த இடம் சிரிப்பைத் தந்து, பிறகு கூசவைத்தது. பயத்தின் முன் படித்தவன் கையில் மிஞ்சுவது இலக்கணம்தான்.

அவள் எழுத்தாளர். குறிப்பெடுத்துக்கொள், பணம் வேண்டியிருக்கும் என்கிறான் கணவன். அவள் மறுக்கிறாள். நாம் படிக்கும் கதையே அந்தக் குறிப்புகள்தான். குறிப்புகள் இதோ, பணம் எங்கே என்று கேட்டுக் கதை முடிகிறது.

நோயுற்ற குழந்தையைப் பற்றிப் பெற்றவர்கள் எழுதும்போது ஒரு பொய் சுலபமாக நுழைந்துவிடுகிறது: துன்பம் மனிதனை உயர்த்துகிறது என்பது. யாருடைய துன்பம், யாருடைய உயர்வு? ஊசி ஏறுவது ஒரு கையில், ஞானம் சேர்வது இன்னொருவர் கணக்கில். இந்த வரவை ஒரு படைப்பாளி என்ன செய்கிறான் என்பதே இங்கே விமர்சனத்தின் கேள்வி.

பீட்டர் டி வ்ரீஸ் நகைச்சுவை எழுத்தாளர். 1960-ல் அவருடைய மகள் ரத்தப் புற்றுநோயால் இறந்தாள். அடுத்த வருடம் 'ஆட்டுக்குட்டியின் ரத்தம்' நாவல் வந்தது. 1948-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரின் என்ற மருந்தால் இந்நோயைச் சிறிது காலம் அடக்கிக் காட்டியிருந்தார். டி வ்ரீஸின் காலத்திலும் மருந்துகள் தந்தது தவணைதான், விடுதலை அல்ல. மகள் இறந்த அன்று, அவளுடைய பிறந்தநாள் கேக்கைத் தேவாலய வாசலில் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் முகத்தில் எறிகிறான் தந்தை. மகத்தான இடம். ஆனால் அந்தக் கோபத்துக்கு ஒரு விலாசம் இருக்கிறது. கடைசியில் நாவல் ஆறுதலை மறுத்துவிட்டுச் சக துயரர்கள்மேல் இரக்கத்தை மட்டும் மிச்சம் வைக்கிறது. சிறியதுதான், ஆனாலும் வரவு.

மூர் அதையும் ஏற்பதில்லை. வார்டில் மற்ற பெற்றோர்களின் தோழமை கணவனுக்கு ஆறுதலாக இருக்கிறது. தாய்க்கு அவர்களில் ஒருவரையும் இனி ஒருபோதும் பார்க்க வேண்டாம். குழந்தை வீடு திரும்புகிறது. அவளிடம் ஞானம் எதுவும் இல்லை.

அலெக்ஸாண்டர் ஹெமானின் 'மீன்தொட்டி' 2011-ல் வந்த கட்டுரை. சிகாகோவில், ஒன்பது மாதக் கைக்குழந்தையாக இருந்த இரண்டாவது மகளுக்கு மூளையில் அரிய கட்டி. அறுவைகள், மருந்துகள், 2010 நவம்பரில் மரணம். இந்த நாட்களில் மூத்த மகள், மூன்று வயதுக்காரி, மிங்கஸ் என்று ஒரு தம்பியைக் கற்பனையில் படைத்துக்கொள்கிறாள். புதிதாகச் சேர்ந்த சொற்களையெல்லாம் அவன்மேல் செலவழிக்கிறாள். கதை எழுதுவதே தொழிலான தந்தைக்குத் தன் சொற்கள் உதவவில்லை. துன்பம் உயர்த்தும் என்பதை அவர் வெறுப்போடு மறுக்கிறார்.

ஆனால் ஹெமானும் எழுதினார், அச்சிட்டார். வரவு இல்லை என்று சொல்லும் பக்கமும் ஒரு வரவுதான். மூரின் கடைசி வரி இதை மறைக்கவில்லை. ரசீதை மேஜைமேல் வைத்துவிடுகிறது. நண்பர் கொச்சை என்றது இந்த நேர்மையைத்தான் என்று நினைக்கிறேன். பணத்தைப் பற்றிப் பேசாத துயரம் தூய்மையானது என்பது ஆஸ்பத்திரி பில்லைப் பார்க்காதவர்களின் அழகியல்.

சென்ற வருடம் என் கவுண்டருக்கு ஒருவர் வந்தார். கக்கத்தில் ஆஸ்பத்திரி ஃபைல். முதிர்வுக்கு ஐந்து மாதம் இருந்த வைப்புத்தொகையை முறிக்க வேண்டும் என்றார். மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று பிறகு பக்கத்து மேஜைக்காரர் சொன்னார். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் அவர் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்று, சொந்தச் செலவு என்று எழுதினார்.

நான் வட்டியில் ஒரு சதவீதம் குறைத்துக் கணக்கிட்டு, மீதியைக் கொடுத்தேன். இப்போது அவரையும் எழுதிவிட்டேன்.